எல்.இ. வாங்கியவர்களும் ஆண்டுவிழாப் பதிப்புகளும்: உங்கள் கருத்து என்ன?

வெள்ளிப்பந்து (இல்லினாய்)

வணக்கம். பின்பால் இயந்திரங்களை, அதாவது இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் இயந்திரங்களை, வீட்டில் வைத்திருப்பவர்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பவற்றில் ஒன்று எல்.இ., அதாவது குறைந்த எண்ணிக்கையில் எண் போட்டு விற்கும் லிமிடெட் எடிஷன். எந்தக் கம்பெனி, எந்தத் தலைப்பு என்று இங்கே சொல்லப் போவதில்லை. இந்தப் பிரச்சினை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை. அந்த ஆட்டத்தை வெளியே யாரும் விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே, படங்களை மட்டும் பார்த்து டீலரிடம் முன்பணம் கட்டினேன். பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டார். இயந்திரம் வந்தபோது மென்பொருள் பாதிதான் முடிந்திருந்தது. பரவாயில்லை, போகப் போக சரியாகும் என்று காத்திருந்தேன். எண் பொறித்த தகடு, கண்ணாடி போலப் பளபளக்கும் பேக்கிளாஸ் (இயந்திரத்தின் பின்பக்க மேல் பெட்டியில் வரும் ஓவியம்), வேறு எதிலும் வராத பவுடர் கோட் (உலோகப் பூச்சு) நிறம் ஆகிய மூன்றுக்கும்தான், எல்.இ.க்கு ஒரு படி கீழே இருக்கும் ப்ரீமியம் மாடலின் விலைக்கு மேல் அவ்வளவு கொடுத்தேன்.

இப்போது அதே ஆட்டம் ஆண்டுவிழாப் பதிப்பாக வருகிறது. பந்து ஓடும் பலகையான பிளேஃபீல்டின் அதே அமைப்பு, பந்து ஏறும் அதே ராம்ப் (சரிவுப் பாதை), அதே விதிகள். ஓவியம் புதிது, பவுடர் கோட் புதிது, எண் பொறித்த தகடும் உண்டு. என் இயந்திரத்தில் இல்லாத விளக்குகள் வேறு சேர்ந்திருக்கின்றன. அறிவிப்பை எனக்கு அனுப்பியவர் எல்.இ. விற்ற அதே டீலர்.

என் கதையை விடுங்கள். சந்தையைப் பொதுவாகப் பார்த்தாலே தெரியும். ஸ்டெர்ன் கம்பெனியின் ஜுராசிக் பார்க் 2019ல் வந்தது, எல்.இ. 500 இயந்திரங்கள். 2023ல் 30ஆம் ஆண்டுப் பதிப்பு, அதுவும் 500. எல்விராஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ் ஆட்டத்துக்கு 40ஆம் ஆண்டுப் பதிப்பு, 199 இயந்திரங்கள். காட்ஸில்லாவுக்கு 2024ல் 70ஆம் ஆண்டுப் பதிப்பு. ஜாஸ் 2024 ஜனவரியில் வந்தது, அடுத்த ஆண்டே 50ஆம் ஆண்டுப் பதிப்பும் வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது இதுதான். 2023ல் ஜுராசிக் பார்க் படத்துக்கு 30 வயது, இயந்திரத்துக்கு 4 வயது. விழா படத்துக்கு. அந்த விழாவுக்கான செலவை இரண்டாவது முறையாக இயந்திரம் சேர்ப்பவர்கள் தலையில் கட்டுகிறார்கள். ஜாஸ் படம் 1975ல் வந்தது என்பது ஊருக்கே தெரியும். 2024ல் எல்.இ. விற்கும்போது 2025ல் பொன்விழா வரும் என்று கணக்குப் போட காலண்டர் ஒன்றே போதும். அப்படியானால் முதல் வாங்குபவரிடம் அதை முன்பே சொல்ல வேண்டாமா?

மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

ராம்ப்ஷாட் (டெக்சாஸ்)

நான் எதிர்க்கட்சி. ஜுராசிக் பார்க் முதலில் வந்த காலத்தில் என்னிடம் பணமும் இல்லை, வீட்டில் இடமும் இல்லை. அதன்பின் எல்.இ. வேண்டுமென்றால் யாரோ ஒருவர் கூடுதல் விலை வைத்து விற்பதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆண்டுவிழாப் பதிப்பு வந்ததால் கம்பெனி விலைக்கே நல்ல இயந்திரம் கிடைக்கும் வழி திறந்தது. உங்களைப் போல 500 பேர் மனம் வருந்துகிறார்கள் என்பதற்காக, பிறகு வந்தவர்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டுமா?

உங்கள் இயந்திரத்தை யாரும் பறித்துக்கொள்ளவில்லை. நேற்று எப்படி ஆடியதோ அப்படியே இன்றும் ஆடும்.

நாணயப்பெட்டி (மிச்சிகன்)

பார்களிலும் பீட்சா கடைகளிலும் இயந்திரம் வைத்து நடத்துகிறேன். எனக்கு இருப்பதிலேயே விலை குறைந்த ப்ரோ மாடல் போதும். காசு போட்டு ஆடுபவர் தகட்டில் என்ன எண் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. பந்தைத் தட்டும் ஃபிளிப்பர் வலுவாக அடிக்கிறதா, பந்து எங்கேயாவது சிக்கிக்கொள்கிறதா, இது இரண்டும்தான் அவருக்கு முக்கியம்.

ஆனால் இந்த நிலைமை எப்படி வந்தது என்று எங்கள் பக்கம் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். 1992ல் பாலி என்ற கம்பெனிப் பெயரில் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி ஆட்டம் 20,270 இயந்திரங்கள் தயாரானது. அந்தக் காலத்தில் இயந்திரங்கள் முதலில் போனது எங்களைப் போன்ற ஆபரேட்டர்களிடம். அது தொழில் கருவி. வாரத்துக்கு எவ்வளவு காசு விழுகிறது என்பதுதான் கணக்கு. ஓவியம் மாறினால் அதிகக் காசு விழாது என்பதால் அன்று ஒரே ஆட்டத்தை நாலு நிறத்தில் விற்க வழியில்லை.

1999 அக்டோபரில் வில்லியம்ஸ் பின்பால் தயாரிப்பையே நிறுத்தியது. அதற்குப் பிறகு பல வருடம் தாக்குப்பிடித்து நின்றது ஸ்டெர்ன் ஒன்றுதான். அந்த இடைவெளியில் வாங்குபவர் கூட்டமே மாறிவிட்டது. வீட்டில் வைப்பவர் ஆசைப்பட்டு வாங்குகிறார். அவரை நம்பித்தான் ப்ரோ, ப்ரீமியம், எல்.இ. என்று மூன்று படி வந்தது. ஜாஸ் வந்தபோது ப்ரோ 6,999 டாலர், ப்ரீமியம் 9,699, எல்.இ. 12,999. மூன்று படியும் விற்ற பிறகு, அச்சுகளும் லைசென்ஸும் கையில் இருக்கும்போது, நான்காவது படி கட்டுவது கம்பெனிக்கு மிகச் சுலபம். ஆண்டுவிழா என்பது அந்த நான்காவது படி.

பழையகடை (ஒன்டாரியோ)

நாணயப்பெட்டி சொன்ன ஆடம்ஸ் ஃபேமிலியிலேயே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. விற்பனைச் சாதனையைக் கொண்டாட 1994ல் அதற்குத் தங்க நிறப் பதிப்பு ஒன்று போட்டார்கள், 1,000 இயந்திரங்கள். பொன்னிற விளிம்புகள், மென்பொருளில் சில மாற்றங்கள். அன்றைக்கு யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. காரணம் எளிது. முதலில் விற்ற இருபதாயிரத்தை யாரிடமும் 'இதோடு சரி' என்று சொல்லி விற்கவில்லை.

இதே கோணத்தில் மெடீவல் மேட்னஸ் ஆட்டத்தையும் பாருங்கள். 1997ல் வில்லியம்ஸ் செய்தது 4,016 இயந்திரங்கள். பின்னாளில் அதன் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. சிகாகோ கேமிங் கம்பெனி அதை மறுபடியும் தயாரிக்கப் போவதாக 2013ல் சொன்னபோது, அதிக விலைக்கு வாங்கியிருந்தவர்கள் கொதித்தார்கள். நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 4,016 என்பது அன்று சந்தை கேட்ட அளவு, அவ்வளவுதான். அதற்கு மேல் செய்யமாட்டோம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. மறுதயாரிப்பால் ஒரு அருமையான ஆட்டம் பல ஊர்களுக்குத் திரும்பி வந்தது, உதிரி பாகமும் தாராளமாகக் கிடைத்தது.

ஆனால் அந்த மறுதயாரிப்பிலேயே 1,000 இயந்திரத்துக்கு எல்.இ. என்று எண் போட்டார்கள். பிறகு ராயல் பதிப்பு, அதற்கும் பிறகு மெர்லின் பதிப்பு. வெள்ளிப்பந்து சொல்லும் குறை இங்கேதான் உயிர் பெறுகிறது. எண் போட்டு விற்றால் அது வாக்கு. அதற்குக் கூடுதல் பணமும் வாங்கியாயிற்று. அப்புறம் சின்னச் சின்ன மாற்றத்தோடு அதற்கு மேலே இன்னொன்றை நிறுத்தினால், எழுத்தளவில் வாக்கு மீறப்படவில்லை என்று வக்கீல் வேண்டுமானால் வாதாடலாம். பணம் கொடுத்தவர் அப்படி நினைக்கமாட்டார்.

ராம்ப்ஷாட் தம்பி, உங்களுக்குக் கிடைத்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உங்களுக்கு இயந்திரம் கிடைக்க வேண்டுமென்றால் ப்ரீமியத்தை இன்னும் நிறையச் செய்தாலே போதுமே. அதற்கு ஏன் 500 என்று இன்னொரு எண்?

ராம்ப்ஷாட் (டெக்சாஸ்)

பெரியவர் சொல்வதில் கடைசி வரி நியாயம். ப்ரீமியம் தாராளமாகக் கிடைத்திருந்தால் நான் அதோடு திருப்தி அடைந்திருப்பேன்.

மல்டிபால்_மாலை (நியூஜெர்சி)

எல்லோரும் தகட்டையும் நிறத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோமே.

ஆண்டுவிழா என்று சொல்லி வந்தவை எல்லாம் ஒரே வகை இல்லை. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது பேட்மேன் 66. ஸ்டெர்ன் கம்பெனியின் 30ஆம் ஆண்டுக்காக 2016ல் வந்தது. எல்.இ. 240, அதற்கும் மேலே சூப்பர் எல்.இ. 80. விலை அன்றைய அளவில் தலைசுற்ற வைத்தது. வந்தபோது மென்பொருள் மிக ஆரம்ப நிலையில் இருந்தது, வாங்கியவர்கள் கடும் கோபத்தில் இருந்தார்கள். ஆனால் அதன் மென்பொருளை எழுதிய லைமன் ஷீட்ஸ் அதை விடவில்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்து விதிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். ஆட்டத்தின் ஆழத்தைத் தேடுபவர்கள் இன்று அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். 2022ல் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இயந்திரம். ஆண்டுவிழா முத்திரை அதற்கு ஒரு மதிப்பும் கொடுக்கவில்லை, ஒரு மனிதரின் உழைப்பு கொடுத்தது.

இரண்டாவது ஜேம்ஸ் பாண்ட் 60ஆம் ஆண்டுப் பதிப்பு. 2022ல் ஜார்ஜ் கோமஸ் வடிவமைத்த பாண்ட் ஆட்டம் ப்ரோ, ப்ரீமியம், எல்.இ. என்று வழக்கம்போல வந்தது. எல்.இ. 1,007. கூடவே கீத் எல்வின் வடிவமைப்பில் முற்றிலும் வேறான ஆட்டம் ஒன்றை 60ஆம் ஆண்டுக்கென்று செய்தார்கள். ஒரே தளம், ராம்ப் கிடையாது, மதிப்பெண்ணுக்குப் பழைய காலத்து உருளைகள். 500 இயந்திரங்கள், விலை 19,999 டாலர். இதில் எல்.இ. வாங்கியவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர்களுடைய ஆட்டம் வேறு, இது வேறு. கொள்கையளவில் ஆண்டுவிழாவை இப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் இருபதாயிரம் டாலர்! ராம்ப்கூட இல்லாத எளிய ஆட்டம், பாரில் ஒரு டாலர் போட்டு எல்லோரும் ஆட வேண்டிய ஆட்டம் அது. சில நூறு வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு இதில்தான் அதிக வருத்தம்.

மூன்றாவது காட்ஸில்லா 70. 1954 படம் கறுப்பு வெள்ளை என்பதால் ஓவியத்தையும் அந்தத் தொனியில் செய்தார்கள். பெயரிலேயே ப்ரீமியம் என்று சொல்லிவிட்டார்கள். எல்.இ.யைவிட மேல் என்று அது உரிமை கொண்டாடவில்லை. படத்தோடு பொருந்தும் ஒரு காரணம் இருக்கிறது, பார்க்கவும் அழகு. பட்டியலில் எனக்கு உறுத்தாதது இது ஒன்றுதான்.

எட்டாவதுபந்து (கலிஃபோர்னியா)

கோபப்படுகிறவர்களில் எத்தனை பேர் ஆடுகிறவர்கள், எத்தனை பேர் பெட்டியைப் பிரிக்காமல் கராஜில் வைத்திருப்பவர்கள்? 2020, 2021ல் விலை தாறுமாறாக ஏறியபோது அறிவிப்பு வந்த அன்றே எல்.இ. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் மறுவாரம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். அப்போது யாரும் கம்பெனியைத் திட்டவில்லை. இப்போது விலை இறங்கியதும் நியாயம் பேசுகிறார்கள். ஆண்டுவிழாப் பதிப்பு அந்த வியாபாரத்தை உடைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

வெள்ளிப்பந்து (இல்லினாய்)

எட்டாவதுபந்து, என் இயந்திரத்தின் பெட்டியை வந்த அன்றே பிரித்தாயிற்று. ஃபிளிப்பர் முன்னால் தேய்மானம் தெரியும் அளவுக்கு வீட்டில் எல்லோரும் ஆடியிருக்கிறோம். விற்கும் எண்ணமும் இல்லை. அதனால் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

விலை இறங்குவது என் குறையே இல்லை. வாங்கும்போது எனக்குச் சொல்லப்பட்டதும் பிறகு நடந்ததும் பொருந்த வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பீட்டில்ஸ் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் மொத்தம் 1,964 என்றார்கள். கோல்டு 1,614, பிளாட்டினம் 250, டயமண்ட் 100. அடுத்தடுத்த படிகளுக்குள் என்ன வித்தியாசம், எவ்வளவு செய்வார்கள் என்பது முதல் நாளே மேஜை மேல் இருந்தது. ஸ்பூக்கி கம்பெனி ஸ்கூபி டூ செய்தபோதும் 1,969 என்று முன்பே சொல்லிவிட்டது. விலை பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாம். தெரிந்து எடுத்த முடிவு என்பதால் பிறகு வருத்தம் வராது.

பெட்டியைப் பிரிக்காமல் அடுக்குபவர்கள்மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அவர்களை உருவாக்குவதே இந்த எண் விளையாட்டுதான். ஒரு பக்கம் குறைந்த எண்ணிக்கை என்று அவசரப்படுத்துவது, இன்னொரு பக்கம் ஆண்டுவிழா என்று எண்ணிக்கையைக் கூட்டுவது. ஆடுவதற்காக வாங்குபவனுக்கு இரண்டிலும் நஷ்டம்.

பவுடர்கோட் (ஓஹையோ)

உலோகப் பூச்சு வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன். பின்பால் கால், பக்கச் சட்டம், முன் கம்பி எல்லாம் பூசிக் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் கணக்கைச் சொன்னால் பேச்சுக்கு உதவும்.

ஒரு எல்.இ. அல்லது ஆண்டுவிழாப் பதிப்பில் ப்ரீமியத்துக்கு மேல் கூடுவது பெரும்பாலும் இவைதான்: தனி ஓவியம் அச்சிட்டு கேபினட்டில் (வெளிப்பெட்டியில்) ஒட்டும் டெக்கல், உள்பக்கச் சுவருக்கான படம், கண்ணாடிப் பேக்கிளாஸ், எதிரொளிக்காத மேல்கண்ணாடி, இயந்திரத்தை அதிர வைக்கும் ஷேக்கர் மோட்டார், நல்ல ஸ்பீக்கர், பவுடர் கோட், தகடு. இரும்பைச் சுத்தம் செய்து, நிறப்பொடியை மின்னூட்டத்தோடு தூவி, 200 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் வைத்தால் பூச்சு உருகிப் பிடித்துக்கொள்ளும். சிவப்போ கறுப்போ, ஒரு செட்டுக்கு ஆகும் பொடிச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. டெக்கலும் அப்படித்தான்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி, குழாய், அறை எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். 500 செட்டுக்காக லைனை நிறுத்தி மாற்றுவது செலவுதான். ஓவியருக்குச் சம்பளம், படத்தின் உரிமைக்காரர்கள் ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் வரை காத்திருப்பு, லைசென்ஸ் தொகை இவையும் உண்டு. அதனால் முழுக்க லாபம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ப்ரீமியத்துக்கும் எல்.இ.க்கும் இடையே உள்ள 3,300 டாலரை இந்தப் பொருள்கள் மட்டும் விளக்கிவிடாது. அந்த வித்தியாசத்தில் நீங்கள் பெரும்பகுதி கொடுப்பது எண்ணிக்கைக்கு. எண்ணிக்கை நீர்த்துப்போனால் புகார் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இன்னொரு விஷயம். மேலே சொன்ன பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. டெக்கல் ஒட்டுவது மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை.

மல்டிபால்_மாலை (நியூஜெர்சி)

பவுடர்கோட் அண்ணா, அப்படியானால் ஆண்டுவிழாவை கிட்டாக, அதாவது நாமே மாட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பாக, விற்கலாமே? ஓவியம், பேக்கிளாஸ், உள்சுவர்ப் படம், தகடு எல்லாம் ஒரு பெட்டியில். ஏற்கெனவே அந்த ஆட்டத்தை வைத்திருப்பவர் வாங்கி மாற்றிக்கொள்வார்.

பவுடர்கோட் (ஓஹையோ)

தொழில்நுட்ப ரீதியாகத் தடையே இல்லை, மாலை. ஸ்டெர்ன் இயந்திரங்களை இணையத்தோடு இணைக்கும் இன்சைடர் கனெக்டட் 2021ல் வந்தபோது, ஸ்பைக் 2 என்ற மின்னணு அமைப்பில் ஓடும் பழைய இயந்திரங்களுக்குத் தனி கிட் விற்றார்கள். இயந்திரத்தின் உச்சியில் வைக்கும் அலங்காரமான டாப்பரைத் தனியாக விற்கிறார்கள். பேக்கிளாஸையும் விற்க முடியும். முழு இயந்திரமாக விற்றால் வரும் தொகை கிட்டில் வராது, அவ்வளவுதான் தடை.

நாணயப்பெட்டி (மிச்சிகன்)

கிட் வந்தால் என் ப்ரோ இயந்திரங்களுக்கே வாங்குவேன். பாரில் ஐந்து வருடம் நின்ற கேபினட் வெளுத்துப் போயிருக்கும். படத்தின் ஆண்டுவிழா சமயத்தில் புது ஓவியத்தோடு நிறுத்தினால் ஆட்களும் திரும்பிப் பார்ப்பார்கள். இதை யாரும் யோசிக்காமல் இருப்பது ஆச்சரியம்.

பழையகடை (ஒன்டாரியோ)

முன்பணம் பற்றி வெள்ளிப்பந்து ஆரம்பத்தில் சொன்னதை யாரும் தொடவில்லை. என் பார்வையில் அதுதான் வேர். ஆட்டத்தைப் பார்க்காமல் பணம் கட்டும் பழக்கம் நமக்கு வந்ததால்தான் எண்ணிக்கையைக் காட்டி அவசரப்படுத்த முடிகிறது. வேல்ஸில் இருந்த ஹெய்வே பின்பால் ஏலியன் ஆட்டத்துக்குப் பணம் வாங்கி, 2018ல் மூடிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவின் ஹாகிஸ் 2024ல் மூடியது. பெரிய கம்பெனிகளில் அந்த அபாயம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிவிப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற நெருக்கடி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஸ்டெர்ன் 2014ல் அயர்ன் மேன் ஆட்டத்தை வால்ட் பதிப்பாக, அதாவது பழைய ஆட்டத்தின் மறுதயாரிப்பாக, திரும்பக் கொண்டுவந்தது. மூல இயந்திரம் 2010. விலை நியாயமாக இருந்தது, எண் போட்டு மிரட்டவில்லை, எப்போது வேண்டுமானாலும் ஆர்டர் கொடுக்கலாம். நல்ல ஆட்டங்கள் திரும்பி வருவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இன்றைக்கு அந்த இடத்தை ஆண்டுவிழா பிடித்துக்கொண்டது. ஒரு ஆட்டம் நன்றாக இருக்கிறது, ஜனங்கள் கேட்கிறார்கள் என்பதே மறுபடி தயாரிக்கப் போதுமான காரணம். படம் எந்த வருடம் வந்தது என்பதை அதில் இழுக்க வேண்டியதில்லை.

எட்டாவதுபந்து (கலிஃபோர்னியா)

வால்ட் பதிப்பு விஷயத்தில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். முன்பு எழுதியது உங்களை நோக்கி இல்லை, வெள்ளிப்பந்து. அடுக்கி வைத்து விற்பவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம்.

முதல்பந்து (இல்லினாய்)

வணக்கம் அண்ணன், அக்கா எல்லோருக்கும். இன்னும் ஒரு இயந்திரம்கூட வாங்கவில்லை. இரண்டு வருடமாக பார்களில் ஆடி, இப்போது வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எனக்குப் பிடித்த ஆட்டத்துக்கு ஆண்டுவிழாப் பதிப்பு டீலரிடம் இருக்கிறது. அதே ஆட்டத்தின் ப்ரீமியம், நாலைந்து வருடம் பழையது, ஒருவர் வீட்டிலிருந்து விற்கிறார். விலை ஏறக்குறைய பாதி. இழையை முழுதும் படித்தும் குழப்பம் தீரவில்லை. எதை வாங்குவது?

மல்டிபால்_மாலை (நியூஜெர்சி)

ஆட்டம் இரண்டிலும் ஒன்றுதான் என்றால் பழையதை வாங்கு தம்பி. மென்பொருளை இரண்டிலும் ஒரே அளவுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். நாலு வருடத்தில் அது முதிர்ந்திருக்கும். மிச்சப்படும் பணத்தில் பின்னால் இன்னொரு இயந்திரமே வாங்கலாம். ஆண்டுவிழா ஓவியம் உனக்கு மிகவும் பிடித்திருந்தால், தினமும் பார்த்து மகிழ்வாய் என்றால், அதை வாங்குவதும் தவறில்லை. விலை ஏறும் என்று நினைத்து மட்டும் வாங்காதே.

நாணயப்பெட்டி (மிச்சிகன்)

பழையதைப் பார்க்கப் போகும்போது மேல்கண்ணாடியை எடுக்கச் சொல்லுங்கள். டார்ச்சைப் படுக்கையாகப் பிடித்து பிளேஃபீல்டைப் பாருங்கள். சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், 80 கிராம் இரும்புப் பந்து குதித்து விழும் பரப்பில் அது வரத்தான் செய்யும். ஆனால் போஸ்ட் (பலகையில் நிற்கும் சிறு தூண்) அடியில் மேல்பூச்சு பெயர்ந்து வந்திருக்கிறதா, ஸ்கூப் (பந்து விழும் குழி) விளிம்பில் மரம் தெரிகிறதா, பந்து புறப்படும் பாதையில் ஆழமாகத் தடம் விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கமும் பார்க்க வேண்டும். காயில் (மின்கம்பிச் சுருள்) கறுத்திருந்தால், ஒயர் புதிதாகச் சாலிடர் செய்திருந்தால் என்ன ஆனது என்று கேளுங்கள்.

இயந்திரத்தின் மெனுவில் ஆடிட்ஸ் (கணக்கு) பக்கத்தில் எத்தனை ஆட்டம் ஆடப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஒரு விஷயம், அந்த எண்ணை அழிக்கவும் முடியும். அதனால் ஃபிளிப்பர் தேய்மானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜன்னல் பக்கம் நின்ற கேபினட் என்றால் ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளுத்திருக்கும்.

பவுடர்கோட் (ஓஹையோ)

சேர்த்துக்கொள்ளுங்கள்: இயந்திரம் 250 பவுண்டுக்குக் குறையாது. வண்டியும் இன்னொரு ஆளும் இல்லாமல் போகாதீர்கள். பின்பக்க மேல் பெட்டியான பேக்பாக்ஸை மடக்கிக் கட்டி, கால்களைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும். வீட்டில் நிறுத்தியதும் சாய்வு 6.5 டிகிரி வருகிறதா என்று பாருங்கள். அது சரியில்லை என்றால் நல்ல ஆட்டமும் மந்தமாகத் தெரியும்.

வெள்ளிப்பந்து (இல்லினாய்)

இந்த இழையில் வந்ததை வைத்து என் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதப் போகிறேன். மூன்று விஷயம் கேட்பேன். எல்.இ. அறிவிக்கும்போதே, அதே ஆட்டத்தில் வேறு பதிப்பு வரும் திட்டம் இருக்கிறதா என்று சொல்லிவிட வேண்டும். ஆண்டுவிழா ஓவியத்தை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு கிட்டாகத் தர வேண்டும், முதல் உரிமை எல்.இ. எண் வைத்திருப்பவர்களுக்கு. ஆண்டுவிழாவுக்கென்று புது விதியோ ஆட்டத்துக்குள் புதுக் கட்டமோ (மோடு) சேர்த்தால் அதைப் பழைய இயந்திரங்களுக்கும் அப்டேட்டில் அனுப்ப வேண்டும். சேர்ந்து கையெழுத்துப் போட விரும்புபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். ராம்ப்ஷாட், உங்கள் பெயரும் இருந்தால் பலம் கூடும். ஆண்டுவிழாப் பதிப்பு வாங்கியவரும் இதைக் கேட்கிறார் என்றால் அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

ராம்ப்ஷாட் (டெக்சாஸ்)

போடுகிறேன். என் பதிப்புக்கும் நாளைக்கு 35ஆம் ஆண்டு வருமே.

பழையகடை (ஒன்டாரியோ)

என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இன்னொரு வரி வேண்டும்: பணம் கட்டுவதற்கு முன் ஆட்டத்தை முழுதாக ஆடிக் காட்டும் காணொளி. அக்டோபரில் ஷாம்பர்க்கில் பின்பால் எக்ஸ்போ நடக்கும்போது கம்பெனிக்காரர்கள் மேடையில் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அங்கே எழுந்து நின்று கேட்கலாம்.

முதல்பந்து (இல்லினாய்)

எல்லோருக்கும் நன்றி. பழைய ப்ரீமியத்தைப் பார்க்க சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிப்பந்து அண்ணா, நீங்களும் இல்லினாய்தானே, கூட வர முடியுமா? பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்த எனக்குத் தெரியாது.

வெள்ளிப்பந்து (இல்லினாய்)

வருகிறேன் தம்பி. எந்த ஊர் என்று தனிச்செய்தியில் அனுப்பு. டார்ச், லெவல், பழைய போர்வை மூன்றும் நான் கொண்டுவருகிறேன். வண்டிக்கு நீ ஏற்பாடு செய்.